கிடக்கட்டும்

மகன் நகுலேசன் தகப்பனுக்கு வாங்கி வந்த பகிடி அது:
இங்கிலாந்திலிருந்து ஒரு தகரப் பேணி,
மூடியோடு வாளி, ஒரு பொட்டலம் ஈஸ்ட்.
அவர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
"கொலஸ்ட்ரோல்" என்றார்,
நிலவறையில் கொண்டுபோய் வைத்தார்.
எட்டு மாதம் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்
அது கிடந்தது.

பெப்ரவரியில் சலவைத் துணியோடு இறங்கியவள்
பேணியில் எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் வாசித்தேன்.
லாகர்.

இந்தச் சொல்லை எனக்குத் தெரியும்.
ஜெர்மனியில் நான் படித்த முதல் சொல்;
குட்டன் டாக் அதற்குப் பின்னால்தான் வந்தது.
எட்டுக் கட்டில், ஒரு ஜன்னல், வாசலில் கையெழுத்து.
ஆட்டுக்கு என்றால் கிடை என்போம்.
மனிதருக்கு என்ன சொல்வதென்று
யோசிக்க அப்போது நேரமில்லை.
பதினாலு மாதம் கிடந்தேன்.
விசா கிடைத்தது.

பிறகு கிடைத்த வேலையும் லாகர்:
வுப்பர்டாலில், மலையடியில், ஒரு கிடங்கு.
பெட்டி பெட்டியாக நான் அடுக்குவது
சக்கரத்துக்குள் உருளும் குண்டுத் தாங்கிகள்.
அவற்றுக்கும் பெயர் லாகர்தான்.
இருபத்தாறு வருடமாக
லாகரில் லாகர் அடுக்குகிறேன்,
சேர்ந்து சிரிக்க ஆளில்லை.

மூன்று லீட்டர் கொதிநீருக்கு மேல்
பேணியைக் கவிழ்த்துப் பிடித்தேன்.
பாகு இறங்க மறுத்தது.
கறுப்பும் இல்லை, தேன் நிறமும் இல்லை,
சுட்ட பாண் கரையின் வாசம்.
ஒரு கிலோ சீனி. கோடு வரைக்கும் குழாய்த் தண்ணீர்.
அகப்பையை மூன்று தரம் கொதிக்க வைத்துக் கழுவினேன்;
என் சாம்பார் இந்த மரியாதையைக் கண்டதில்லை.

சுங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன்.
காகிதம் இல்லாமல் இந்த நாட்டில் நான்
தண்ணீர் கூடச் சுடவைத்ததில்லை.
விற்கவா, என்றாள் மறுமுனைப் பெண்.
இல்லை.
அப்படியானால் எழுத ஒன்றுமில்லை, நல்லாய் வரட்டும்.
ஒன்றுமில்லையா என்று இன்னொரு தரம் கேட்டேன்.

நிலவறையில் பதினொரு பாகை.
முதல் நாள் சத்தமில்லை. இரண்டாம் நாளும்.
மூன்றாம் இரவு
மின்மானிக்குக் கீழே, இருட்டில்,
வாளி பேசத் தொடங்கியது:
களுக்.
நீண்ட யோசனை.
பிறகு, களுக்.
சலவைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
"கீழ என்ன செய்யிறாய்?" படிக்கட்டில் அவர்.
"உடுப்புக் காயுது."

மேல் வீட்டு இல்கா, பஸ் ஓட்டுகிறவள்,
வாசம் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.
பேணியிலிருந்தா? இந்த ஊரிலா?
நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள்.
மூன்று கிழமை கழிய அவளேதான் ஒரு கிளாஸ் கேட்டாள்.
ஒரு மிடறு. கண்ணை மூடினாள்.
வெண்ணெய், என்றாள்.
நானும் குடித்தேன், வாழ்க்கையில் முதல் தரம்:
வெண்ணெய் பூசிய பாண், மழையில் விட்டது.
ஊற்றிவிடவா?

வேண்டாம். இரண்டு நாள் சூட்டில் வை,
தன் வெண்ணெயை ஈஸ்ட் தானே தின்றுவிடும்.
பிறகு போத்தலில், திரும்பக் குளிரில்.
பிறகு ஒன்றும் செய்யாதே.
அந்த ஒன்றும் செய்யாமைக்கு
அவள் சொன்ன வினைச்சொல்லும் அதேதான்.

வீட்டில் சூடான இடம் எங்கள் படுக்கையறை.
வாளியை அவர் தலைமாட்டில், ஹீட்டர் ஓரம் வைத்தேன்.
நள்ளிரவில், களுக்.
"ஆர் அது?"
விளக்கைப் போட்டார், வாளியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இது எவ்வளவு நாளைக்கு இங்க கிடக்கப் போகுது?"
நாளை மறுநாள் வரைக்கும், என்றேன்.
அவர் எழும்பி, கால் தடக்காமல்
அதைச் சுவரோடு ஒட்டி நகர்த்திவிட்டுப் படுத்தார்.

நாற்பத்துமூன்று போத்தல், அரைக்கரண்டி சீனி ஒவ்வொன்றுக்கும்.
வெறும் போத்தல்கள் இல்கா தந்தவை,
கம்பி வளைத்துப் பூட்டுகிற மூடி.
கையில் ஒட்டுத்துண்டு இருந்தது, பேனையும்.
இலக்கம் எழுதவில்லை.

ஏப்ரல் வரைக்கும் தொடாதே என்கிறாள்.
நேற்று அவர் நிலவறைக்கு இறங்கினார்,
உருளைக்கிழங்கு எடுக்கவாம்.
வெறுங்கையோடு ஏறி வந்தார்.
சட்டைப் பையில் மூடி கழற்றும் திறப்பான்.
இந்தப் போத்தல்களுக்கு அது தேவையில்லை என்று
நான் சொல்லவில்லை.